இரண்டும் ஒன்றுதானா?

யோசனை கேட்டு வருகிறவனுக்கு நாம் எந்த விதத்தில் கடமைப்பட்டிருக்கிறோம்? அவன் ஆசைக்கா, அவன் நன்மைக்கா, அல்லது உண்மைக்கா? மூன்றும் ஒரே திசையில் போகிற நாட்களில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. பெண் பார்ப்பது, நிலம் வாங்குவது முதலான பெரிய காரியங்களில் அவை தனித்தனியே பிரிந்து போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கிதார் வாசிக்கிற ஒரு பையனுக்கு ஆம்ப்ளிபயர் பார்த்துக் கொடுக்கிற சின்னக் காரியத்திலும் அவை பிரியும்.

பையன் என் பெரியப்பா மகனின் பிள்ளை. சென்னையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு மேல்நாட்டு வாத்திய கோஷ்டி. அவனிடம் இருப்பது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர். ஐந்து வருஷமாக ஒரு நாள் படுத்ததில்லை. அதை விட்டு வால்வு ஆம்ப்ளிபயருக்குப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. சிறு வயதில் நான் மாமா ஒருவரின் ரேடியோ ரிப்பேர்க் கடையில் பொழுதைக் கழித்தவன். அந்தப் பெருமையை நம்பி என்னைத் துணைக்கு அழைத்தான். அன்று இரவே அண்ணன் போன் செய்தார்.

"மூணு மாசச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டப் போறான். நீ சொன்னா கேப்பான். ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிடு."

தகப்பனாரின் கவலை நியாயமானது. சொல்லச் சொன்ன வாக்கியம்தான் இடித்தது.

வால்வு என்பது காற்றை உறிஞ்சிவிட்ட கண்ணாடிக் குழாய். உள்ளே சூடேறிய உலோகம் எலெக்ட்ரான்களைக் கக்குகிறது. நடுவே நிற்கும் கம்பிவலை அந்த ஓட்டத்தை இறுக்கியும் தளர்த்தியும் சிறிய மின்னசைவைப் பெரிதாக்குகிறது. 1906ஐ ஒட்டி லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கர் அந்த வலையை நுழைத்தார். 1947 டிசம்பரில் பெல் சோதனைச்சாலையில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம் என்று ஆயிற்று. ரேடியோவிலிருந்து வால்வு போயிற்று, கணக்குப் போடும் யந்திரத்திலிருந்தும் போயிற்று. கிதார்க்காரர்கள் மட்டும் அதை விடவில்லை.

விடாததற்குக் காரணம் வால்வின் திறமை அல்ல. திறமை தீர்ந்துபோகும் இடத்தில் அது நடந்துகொள்ளும் விதம். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் தன் எல்லை வரையில் சுத்தமாகப் பெருக்கும். எல்லையைத் தொட்டதும் ஒலியலையின் தலையைக் கத்தியால் சீவினாற்போல் வெட்டிவிடும். காதில் வறட்டுக் கரகரப்பு விழும். வால்வோ எல்லைக்கு முன்பே மெல்லத் தளர ஆரம்பிக்கிறது. அலையின் தலை மழுங்குகிறது. மூலத்தில் இல்லாத உபஸ்வரங்கள் வந்து சேர்ந்துகொள்கின்றன. மென்மையாக மீட்டினால் தெளிந்த குரல், அழுத்தி மீட்டினால் கம்மிய குரல். வாசிப்பவனின் விரலில் இருக்கிற கோபம் அதற்குத் தெரிகிறது. இஞ்சினியர்களைக் கேட்டால் இதற்குத் திரிபு என்று பெயர் சொல்வார்கள். அதாவது குற்றம்.

குற்றம் என்றுதான் உலகமும் முதலில் நினைத்தது. 1951இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது, கிதார்க்காரரின் ஆம்ப்ளிபயர் வழியில் அடிபட்டிருந்ததாம். ஸ்பீக்கர் கிழிசலில் காகிதத்தைத் திணித்துப் பதிவு செய்தார்கள். அந்தக் கரகரப்பே பாட்டின் அழகாகப் போயிற்று. 1964க்குள் காரியம் தலைகீழாகிவிட்டது. லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் நல்ல ஸ்பீக்கரைத் தாமே பிளேடால் கீறி வாசித்தார்!

நம்மவர்கள் இதைக் கண்டு சிரிக்க வேண்டியதில்லை. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பருத்தி நூலைச் செருகுகிறோமே, எதற்காக? தந்தி குதிரையின் முதுகில் உரசி உரசி அதிர வேண்டும் என்பதற்காக. உரசல் குற்றமென்றால் அந்த நூல் குற்றத்தை வரவழைக்கிற நூல். அதை எடுத்துவிட்டால் தந்தி ஒழுங்காகத்தான் ஒலிக்கும், ஆனால் செத்த ஒலி. நூலுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் ஜீவா. பாட்டைக் கேட்க உதவும் கருவி உள்ளதை உள்ளபடி தரவேண்டும். கிதாரின் ஆம்ப்ளிபயர் அந்த ஜாதி அல்ல. வீணைக்குக் குடம் போல அது வாத்தியத்திலேயே ஒரு பாகம்.

இதையெல்லாம் சொன்னால் பையனுக்கு மகிழ்ச்சி தாங்காது. ஆனால் அது பாதி உண்மைதான். எழுபது வருஷ இசைத்தட்டுகள் வால்வின் குரலை நம் காதில் ஊற்றியிருக்கின்றன. டிரான்சிஸ்டர் முன்னால் பிறந்து வால்வு பின்னால் வந்திருந்தால், இதையே மந்தம் என்று ஒதுக்கியிருக்கவும் கூடும். வால்வு ரேடியோவைக் கண்ணால் பார்த்திராத இந்தப் பையனின் ஆசை யாருடைய ஆசை? "பெரிய வித்வான்கள் எல்லாரும் வால்வுதான் சித்தப்பா" என்றான். பி.பி. கிங் 'லேப் சீரிஸ்' என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு உலகத்தை அழவைத்தவர் என்றேன். 1975இல் ரோலண்ட் கம்பெனி செய்த 'ஜாஸ் கோரஸ்' டிரான்சிஸ்டர்தான். அதன் தெளிவுக்காகவே அதைத் தேடி வாங்குகிறார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்படியானால் சுவரைப் பார்த்து உட்கார். உன் சிநேகிதன் இரண்டிலும் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். எது எதென்று சொல்" என்றேன்.

மாட்டேன் என்றான். "தெரியலேன்னா என்ன சித்தப்பா பண்றது?"

கோழைத்தனம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. தாயார் வைத்த ரசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அடையாளம் சொல்லத் தெரியாதவன், அதை விரும்புவதாகச் சொல்வது பொய்யா? ஆசையின் பிறப்பிடம் தெரிந்துவிட்டதாலேயே ஆசை போலியாகிவிடாது. சங்கீதத்தில் எனக்கிருக்கிற ஆசையும் பக்கத்து வீட்டு ரேடியோ போட்ட பிச்சைதான். ஆனாலும் மூன்று மாசச் சம்பளம் ரசம் அல்ல. அந்த இடத்தில் அண்ணன் கட்சிதான் என் கட்சி. தவிர, அவன் கேட்கிறவன் மட்டும் அல்ல, வாசிக்கிறவன். ஆகவே பரீட்சையை மாற்றினேன். இரண்டு பெட்டிகளையும் போர்வைக்குப் பின்னால் வைத்து, அவனையே வாசிக்கச் சொன்னேன். இதற்குச் சம்மதித்தான்.

கடையில் அரைமணி நேரம் நடந்தது. ஒலியைக் குறைத்து வைத்தபோது தடுமாறினான். பாதிக்குப் பாதி தவறு. திருகை ஏற்றி எல்லைக்குக் கொண்டுபோனதும் முதல் மீட்டிலேயே சொல்லிவிட்டான், ஒரு தரம்கூடப் பிசகவில்லை. காதைவிட விரல்தான் சொன்னது என்பது என் அபிப்பிராயம். கண்ணாடிக்குள் தெரியும் அந்தச் செம்மஞ்சள் வெளிச்சத்திலும் தனக்கு ஒரு மயக்கம் உண்டு என்று தானாகவே ஒப்புக்கொண்டான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. அவன் காசு கொடுக்கப்போவது எல்லையில் கிடைக்கிற குரலுக்கு. அவன் குடியிருப்பதோ மூன்றாவது மாடியில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை. அங்கே 50 வாட் ஆம்ப்ளிபயரை எல்லைக்கு ஏற்றினால் போலீஸ் வரும். ஏற்றாவிட்டால் அதற்கும் பழையதற்கும் அவனுக்கே வித்தியாசம் தெரியாது. 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் வித்தியாசம். 50ஐ 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். ஆகவே 5 வாட் போதும் என்றேன். அதுவே அந்த அறைக்கு அதிகம்தான். விலையும் பாதிக்குக் கீழே இறங்கிற்று.

மற்றதெல்லாம் சில்லறை விஷயங்கள், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டவையும் உண்டு. ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிபயரை முடுக்கி வாசிக்கக் கூடாது; உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்து போகலாம். அமெரிக்காவிலிருந்து வருகிற சரக்கு 120 வோல்ட்டுக்குச் செய்ததா என்று பார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டென்சர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும்; திறந்து கைவைத்தால் ஆளைக் கொல்லும். வால்வு தேயும், மாற்ற வேண்டும்.

அண்ணனிடம் இரண்டும் ஒன்றல்ல என்றே சொன்னேன். பையன் தன் காசில் தேறியிருக்கிறான் என்றும் சொன்னேன். விலையைக் கேட்டுவிட்டு, "பழசை வித்தானா?" என்றார். ஒரு மாதம் விற்காதே என்று நான்தான் தடுத்திருந்தேன். மாதங்கள் ஆகிவிட்டன, இன்னும் விற்கவில்லை. வெளியூர் நிகழ்ச்சிகளுக்கு அதைத்தான் எடுத்துப் போகிறான். ரயிலில் ஏற்றி இறக்கினாலும் கண்ணாடி உடையுமோ என்ற பயம் இல்லையாம்.