பார்ப்பவரும் காப்பவரும்

வேடந்தாங்கல் ஏரிக்கரைக்கு மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையிலேயே பறவை நோக்குவோர் குழுக்கள் வந்து சேர்வதுண்டு. கழுத்தில் தொலைநோக்கி, கையில் குறிப்பேடு. அவர்கள் உரக்கப் பேசுவதில்லை, கூடுகளை நெருங்குவதில்லை. நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதைக் கரையில் நின்றே கண்டு, எண்ணிக் குறித்துக்கொண்டு திரும்புகின்றனர். பிடிக்காமல், உரிமை கொண்டாடாமல், ஓர் உயிரைக் கண்டு மகிழ்வது உயர்ந்த பண்பே. ஆயினும் ஒரு வினா எழுகிறது: தீங்கு செய்யாதிருத்தல் மட்டும் போதுமா?

அப்பறவைகளைக் காத்து வந்தவர்கள் அவ்வூர் உழவர்கள். ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்து வடிவில் உறுதி செய்தார். அரசு அதனைச் சரணாலயமாக ஏற்றதோ 1936-இல்தான்.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம். ஆகவே, ‘தம் விளைச்சலுக்காகக் காத்தது அறமாகுமா? அது வெறும் கணக்கன்றோ?’ என்று சிலர் கேட்கக்கூடும். தன்னலம் சிறிதும் கலவாததே அறம் என்றால், உழைத்து உண்ணும் மக்களுள் அறவோரைக் காண்பது அரிது. அவர்கள் வாழ்வில் பயனும் நன்மையும் ஒரே வாய்க்காலில் வருகின்றன. பயன் கிடைத்ததா என்பதைவிட, இழப்பை ஏற்க மனம் இருந்ததா என்பதே உரைகல்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்துள்ளது கொள்ளுக்குடிப்பட்டி. அவ்வூரார் பறவைகள் அஞ்சும் என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சுற்றிலும் வெடிச்சத்தம் கேட்கும் இரவில், தன் பிள்ளையிடம் ‘நமக்கு வேண்டாம்’ என்று சொல்ல வேண்டிய தாயை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளை விட்டுக்கொடுத்த மகிழ்ச்சியில்தான் நாரைக் குஞ்சுகள் அமைதியாக உறங்குகின்றன. மறுநாள் காலை தொலைநோக்கியுடன் செல்பவர் காண்பது அந்த அமைதியின் பலனைத்தான். எனவே, பார்ப்பவர் காப்பவருக்குக் கடன்பட்டவர்.

அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? விருத்தாசலத்தை அடுத்த நம் நல்லூர் வட்டாரத்து ஏரி குளங்களையும் மழைக்குப் பின் கொக்கும் நாரையும் நாடுகின்றன. 2015 முதல் பொங்கல் நாள்களில் நடைபெற்றுவரும் பறவைக் கணக்கெடுப்பில் எவரும் பங்கேற்கலாம். அது நல்ல தொடக்கம். ஆனால் எண்ணிக்கை எழுதியதோடு கடமை முடிந்துவிடாது. கண்ணி வைத்துப் பிடித்த கொக்கு விலைக்கு வரும்போது வாங்க மறுப்பதும், ஏரிக்கரை மரத்தின்மீது கோடரி விழும்போது வாய் திறந்து கேட்பதும் அதே கடமையின் பகுதிகள். அதனால் அண்டை வீட்டாரின் மனத்தாங்கலுக்கு ஆளாக நேரலாம். அந்தச் சிறிய இழப்பையேனும் ஏற்க முன்வரும்போதுதான், பார்க்க மட்டுமே வந்த நாமும் காப்பவர்களாகிறோம்.