கம்ப்யூட்டர் போட்டதுங்க!

காரமடையில் என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். கம்ப்யூட்டர் படித்தவன். கறிவேப்பிலை வியாபாரி ஒருவருக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, கூலிக்கு எவ்வளவு பிடித்தம் என்ற சூத்திரத்தை வியாபாரியே தினம் காலையில் டைப் அடிக்கலாம். அடுத்த கணம் அது மெஷின் கோடாக மாறி ஓடவும் ஆரம்பித்துவிடும்.

“டிஸ்க்குல ஒரு ஃபைல்கூட உண்டாகாதுங்க மாமா. எல்லாமே மெமரியிலதான்!”

உபயம், ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய ‘டைனி சி கம்பைலர்’ அளவில் பொடிசு. 2004-ல், கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதே லினக்ஸ் கெர்னலை அதை வைத்து 15 செகண்டில் கம்பைல் செய்து காட்டினார். அதை ஒரு லைப்ரரியாக நம் புரோகிராமுக்குள்ளேயே செருகிக்கொள்ளலாம். ‘சி’ மொழியில் நாலு வரி கொடுத்தால், மெமரியில் இடம் பிடித்து, மெஷின் கோடை எழுதி, விலாசத்தைக் கையில் கொடுக்கும். கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

எழுதிய இடத்திலேயே ஓட்டலாம் என்றால் வைரஸ் ஆசாமிகளுக்குக் கொண்டாட்டம். அதனால் 2003-ல் ஓபன்பிஎஸ்டி ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. மெமரியின் ஒரு பக்கத்தில் எழுதலாம், அல்லது ஓட்டலாம். ஒரே சமயத்தில் இரண்டும் கூடாது. எழுதும் உரிமையை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 50-வது பிரிவு சொல்வதும் ஏறக்குறைய இதுதான். வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் போலீஸையும் மேய்ப்பார், வழக்கையும் விசாரிப்பார். நீதி மாஜிஸ்திரேட் வேறு, நிர்வாக மாஜிஸ்திரேட் வேறு என்று 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரித்தது.

மெஷினுக்கு சரி, மனுஷனுக்கு?

மாசித் தேருக்குப் போனபோது அந்தக் கடையில் சற்று நேரம் நின்றேன். ஒரு பெரியவர் பில்லை நீட்டி, “நேத்து இத்தனை கழிக்கலீங்களே?” என்றார். “கம்ப்யூட்டர் போட்டதுங்க” என்றார் வியாபாரி. பொய்யில்லை. ஆனால் காலையில் சூத்திரம் எழுதியது யார்? சாயங்காலம் ஸ்விட்சை அணைத்தால் அதுவும் போயிற்று. அவர் ஏமாற்றினார் என்பதற்கு அத்தாட்சி கிடையாது. நேர்மையானவராகவே இருந்தாலும் அவரால் அதை நிரூபிக்க முடியாது என்பதுதான் எனக்கு உறுத்தியது.

“பில்லுக்கு அடியில அந்த சூத்திரத்தையும் பிரிண்ட் பண்ணிடேன்ப்பா. ஒரு வரி வேலைதானே?” என்றேன்.

“அவரு கேக்கலீங்களே மாமா.”

கேட்க வேண்டியவர் அந்தப் பெரியவர். அவருக்கு அப்படி ஒரு சூத்திரம் இருப்பதே தெரியாது.