கொடுத்துக் கெடுத்த கை

கொடுப்பது அறம் என்கிறோம். அந்தக் கொடையே ஓர் உயிருக்குக் குழி பறிக்குமானால், அப்போதும் அதை அறம் என்றே அழைக்கலாமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, சியரா நெவாடா மலைத்தொடரிலே, யோசெமிட்டி என்றோர் எழில்மிகு பள்ளத்தாக்கு. யோசெமிட்டி தேசியப் பூங்கா 1890-ஆம் ஆண்டில் உருவானது. அங்கே கருங்கரடி வாழ்கிறது. புல்லும் கனியும் புழுவும் தேடி உண்டு, மனிதனைக் கண்டால் ஒதுங்கிப் போவது அதன் இயல்பு. அந்தப் பூங்காவிலே கருங்கரடியால் மாண்ட மனிதர் ஒருவருமில்லை.

மனிதனால் மாண்ட கரடிகள்? உண்டு!

1920-களில் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எச்சில் உணவைக் குவித்து, விளக்கொளி பாய்ச்சி, கரடிகள் உண்பதைக் கண்டு களித்தனர் பயணிகள். கொடுத்தவர் மனம் குளிர்ந்தது. கண்டவர் கண் குளிர்ந்தது. கரடியோ, மனிதன் இருக்குமிடத்தில் உணவு இருக்கும் என்ற பாடத்தைக் கற்றது. 1940-இல் வேடிக்கை நின்றது; பாடம் நிற்கவில்லை. தாய் உண்ட இடத்தைக் குட்டி கண்டது. கூடாரத்திலும் காரிலும் மக்கள் விட்டுச்சென்ற பண்டங்கள் அந்தப் பாடத்தை வளர்த்தன. 1998-ஆம் ஆண்டில் மட்டும் 1,000-க்கும் மேற்பட்ட கார்களைக் கரடிகள் உடைத்தன. அச்சம் அற்றுப்போன கரடிகளுள் சில, ஆபத்தானவை என்று கொல்லப்பட்டன.

குற்றம் செய்தது யார்? தண்டனை பெற்றது யார்? கற்பித்தவன் வீடு திரும்பினான், கற்றது உயிரிழந்தது. நீதிதானா இது?

"பசித்த உயிருக்கு ஒரு பிடி உணவு தருவதும் பாவமா?" என்று கேட்பார் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: அந்தப் பிடி உணவு யாருடைய பசியைத் தீர்த்தது? கரடியின் பசியையா, வள்ளல் என்று எண்ணி மகிழ விரும்பிய உங்கள் மனத்தின் பசியையா? விளைவை எண்ணாத இரக்கம், இரக்கத்தின் உடை தரித்த தன்னலமே!

பின்னர் அங்கே அறிவு விழித்தது. உணவைப் பூட்டிவைக்க இரும்புப் பெட்டிகள் நிறுவப்பட்டன. மலையேறுவோர் கரடி திறக்கவியலாத கலங்களில் உணவைச் சுமக்க வேண்டுமென விதி வந்தது. தொல்லைகள் பெரிதும் குறைந்தன. கரடிக்கா புத்தி புகட்டினார்கள்? இல்லை, மனிதன் தன்னைத் திருத்திக்கொண்டான்.

மலைவழியில் கரடியைக் கண்டால் 150 அடியேனும் விலகி நிற்க வேண்டும். ஓடலாகாது, ஓட்டத்தில் அது நம்மை வெல்லும். மரமேறிப் பயனில்லை; அதிலும் அது வல்லது. அது நெருங்கி வருமாயின், நிமிர்ந்து நின்று உரத்துக் குரலெழுப்ப வேண்டும். கொடியது என்று அஞ்சி அலறுவதும் அறியாமை; கொஞ்சத் தக்கது என்று கை நீட்டுவதும் அறியாமை.

அன்பு வேண்டும், அந்த அன்புக்கு அறிவு கண்ணாக வேண்டும். கண்ணில்லாத அன்பு கொடுத்துக் கெடுக்கும்; கண்ணுள்ள அன்பு, கொடாமலே காக்கும்.