இசை கேட்பதும் பாவமா?

ஓசூர்த் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் குடும்பத்து இளைஞர் சிலர், சனிக்கிழமை மாலை அத்திப்பள்ளி கடந்து பெங்களூரு செல்கின்றனர். நாற்பது கிலோமீட்டர்தானே! பிரிகேடு சாலை, சர்ச் தெருப் பக்கங்களில் 1980கள் முதல் பெருகிய 'பப்' எனும் மதுச்சாலைகளில் மேடையிசை கேட்டு நள்ளிரவில் திரும்புகின்றனர். "நாங்கள் பழச்சாறுதானே அருந்துகிறோம், பாட்டி? இசை கேட்பதும் பாவமா?" என வினவுகின்றனர்.

இசை பாவமன்று. திருத்தக்கதேவர் துறவியாயினும், சீவகன் யாழ்ப்போட்டியில் வென்று காந்தருவதத்தையை மணந்ததை விரித்தே பாடினார். (ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாம் மிக விரும்பிப் படித்த பகுதி அது.) ஆனால் மது, மாமிசம், தேன் ஆகியவற்றை நீக்குதலைச் சமந்தபத்திரர் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் வைத்தார். வினையோ செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவழியாலும் வந்து சேரும். பழச்சாறு அருந்துவோன் முதலிரண்டுக்கும் தப்பலாம். மூன்றாவதற்கு? பாட்டுக்கு மட்டுமே கைதட்டினேன் என்பான். அதைப் பொய்யென நாம் கூறோம். குடித்த நண்பன் வண்டிச் சாவியை எடுக்கையில் அவன் வாளாவிருந்தால், அதுவே உடன்படல். நெடுஞ்சாலையில் எதிரே வரும் உயிர்களுக்கு அவன் அருந்தியது பழச்சாறாயின் என்ன?

வயலின் வடிவில் எழுப்பிய சௌடையா நினைவு மண்டபமும் அந்நகரில்தான் உள்ளது. அங்கே செல்ல நம் இளைஞர்க்கு ஏனோ மனம் வருவதில்லை!