அணைத்த பிறகும்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி மலையுச்சியில் கொப்பரை பற்றிக்கொள்வதைப் பார்க்கத் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். மறுநாள் கூட்டம் கலைந்துவிடும். தீபமோ பதினொரு நாள் தெரிய வேண்டும். ஏழாம் நாள் நெய்யைத் தலைச்சுமையாக மேலே கொண்டுபோகும் பர்வதராஜ குலத்தாரை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? ஏற்றுகிற கைக்குக் கிடைக்கும் கும்பிடு, காக்கிற கைக்குக் கிடைப்பதில்லை.

திருவண்ணாமலையையும் உள்ளடக்கிய எங்கள் பழைய வட ஆற்காட்டு மண், பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகியது. லீவில் வருகிறவரிடம் “சண்டை பாத்தீங்களா மாமா?” என்றுதான் முதலில் கேட்போம். கல்பாக்கத்தில் அணு உலையைக் காத்த கடற்படை வீரர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

இந்தியாவின் அரிஹந்த் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கான உலையின் முன்மாதிரி அங்கே தரையில் நிற்கிறது. 2003-இல் தொடர்வினை தொடங்கியது. 2006-இல் முழுத்திறனை எட்டியது. 2009-இல்தான் வெளியுலகுக்குக் காட்டினார்கள். கடலுக்குள் போகுமுன் மாலுமிகள் உலையை ஓட்டக் கற்றது அங்கேதான்.

விறகடுப்பு என்றால் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கப் போகலாம். அணு உலையில் கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கித் தொடர்வினையை நிறுத்திய பிறகும், பிளந்த அணுக்களின் துண்டுகள் சிதைந்து சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் அது முழுத்திறனில் நூற்றுக்கு ஆறேழு பங்கு. ஓயாமல் நீர் சுற்றி அதை வாங்கிக்கொண்டு போகாவிட்டால் எரிபொருளே உருகிவிடும். 2011-இல் ஃபுகுஷிமாவில் உருகியவை, நிறுத்தப்பட்டுவிட்ட உலைகள்தாம்.

இப்படிப்பட்ட நெருப்போடு பணிக்காலம் முழுவதையும் கழித்தவருக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லையென்றால், அவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். வீரம் என்றால் பாய்வது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். இடம்விட்டு நகராமல் விழித்திருப்பதை அதற்கு ஒரு படி மேலாகவே நான் மதிக்கிறேன்.

இப்படி விழித்திருந்தவர்கள் வேறிடத்திலும் உண்டு. அண்டார்டிகாவின் மெக்மர்டோ தளத்தில் அமெரிக்கக் கடற்படையினர் 1962 முதல் ஒரு சிறிய உலையை ஓட்டினார்கள். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கப்பல் வராது. பழுதென்றால் அங்கிருக்கும் சிறு குழுதான் கதி. 1972-இல் உலையை மூடினார்கள். மூடியதோடு விட்டுவிட முடியவில்லை. உலையைப் பிரித்து, கதிரியக்கம் ஏறிய பாறையையும் மண்ணையும் ஆயிரக்கணக்கான டன் தோண்டி, கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்த வேலை முடிந்தபோது 1979 ஆகியிருந்தது.