ஈசுவரனும் அனுமானமும்

சமயத்தைத் தத்துவ விசாரத்திற்கு உட்படுத்துவது என்றாலே, அது நாஸ்திகத்திற்கு வாயிலாகிவிடுமோ என்று பக்தியுடையோர் சிலர் அஞ்சக் காண்கிறேன். அந்த அச்சத்தை நீக்குதற்கு ஸ்ரீராமாநுஜரினும் சிறந்த துணையை நான் அறியேன்.

10-ஆம் நூற்றாண்டில் மிதிலையில் விளங்கிய, தர்க்கத்தைப் போற்றும் நியாய தரிசனத்தைச் சார்ந்த நையாயிகராகிய உதயனர், ஈசுவரன் உளன் என்பதை யுக்தியாலேயே நிலைநாட்டுதற்கென்று 'நியாயகுஸுமாஞ்ஜலி' என்னும் நூலை இயற்றினார். குடம் ஒரு காரியமாதலின் அதற்குக் குயவன் இருத்தல் போல, உலகமும் காரியமாதலின் அதற்கும் கர்த்தா ஒருவன் இருத்தல் வேண்டும் என்பது அவர் காட்டிய அனுமானங்களுள் தலையாயது. ஈசுவர பக்தர் இதைக் கேட்டு மகிழ்வதன்றோ இயல்பு? ஆனால் ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்மசூத்திரத்தின் மூன்றாவது சூத்திரத்திற்கு உரை காணுமிடத்து, ராமாநுஜர் இவ்வகை அனுமானத்தைக் கணுக்கணுவாக முறித்துவிடுகிறார். மாளிகையும் தேரும் பலர் கூடிச் செய்தவையாயிருக்க, உலகிற்குக் கர்த்தா ஒருவனே என்பது எங்ஙனம் பெறப்படும்? மலையும் கடலும் ஒரே காலத்தில் உண்டாயின என்பதற்குச் சான்று யாது? நாம் கண்ட கர்த்தாக்கள் யாவரும் சரீரமுடையவராய், அற்ப அறிவினராய் இருத்தலின், அவ்வழியே சென்று அடையப்படுபவன் ஸர்வேசுவரன் ஆவானோ? மேலைநாட்டுத் தத்துவஞானி டேவிட் ஹியூம் மறைந்த பின்னர் 1779-இல் வெளியான அவருடைய சம்வாத நூலில் இவற்றையொத்த ஆட்சேபங்களைக் காணும்போதெல்லாம், அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அதுவும் பக்தியில் தோய்ந்த ஓர் ஆசாரியரிடமிருந்து, அவை எழுந்தனவே என்று என் நெஞ்சம் வியக்கிறது.

இதுவே சமயத் தத்துவ விசாரம். ஒரு மதம் எப்போது தோன்றியது, எங்கே பரவியது என்பதைச் சரித்திரம் சொல்லும். பக்தனின் அனுபவத்தை மனோதத்துவம் ஆராயும். சமய சித்தாந்தியோ தன் ஆகமத்தைப் பிரமாணமாகக் கொண்ட பின்னரே அதன் உட்பொருளை விளக்கத் தொடங்குவான். சொல்லப்பட்டது உண்மைதானா, உண்மையெனில் எந்தப் பிரமாணத்தால் என்று வினவுபவன் தத்துவ விசாரகன்; ராமாநுஜரிடத்தில் சித்தாந்தியும் விசாரகனும் ஒருவராயினர்.

அனுமானம் ஒழிந்தபின், ஈசுவரனை அறிதற்கு வேதமாகிய சாஸ்திரமே வழி என்றார் அவர். அவ்விடத்தும் வினா ஓய்வதில்லை. சாஸ்திரம் பிரமாணமாவது எதனால்? ஈசுவரன் அருளியதால் என்று நையாயிகரைப் போல விடை கூறினால், ஈசுவரனைச் சாஸ்திரத்தாலும் சாஸ்திரத்தை ஈசுவரனாலும் நிறுவும் அந்யோந்யாச்ரயம் என்னும் தோஷம் வந்து சேரும். வேதம் எவராலும் இயற்றப்படாதது, நித்தியமானது என்ற, வேத வாக்கியங்களை ஆராயும் மீமாம்ஸகரின் கொள்கையை ராமாநுஜர் ஏற்றமையால் அது அவரைத் தீண்டவில்லை. ஆயினும், வேதம் செய்யத்தக்க கிரியைகளையே உணர்த்துமன்றி, என்றும் உள்ள பொருளாகிய பிரம்மத்தை உணர்த்தாது என்று அதே மீமாம்ஸகருள் ஒரு சாரார் எதிர்நின்றமையின், அவர்களோடு அவர் நெடிது வாதாட வேண்டியதாயிற்று.