விளக்கின் விலை

மாலை மங்கியதும் மனிதன் சுவரில் உள்ள விசையைத் தட்டுகின்றான்; ஒளி பிறக்கின்றது. அவ்வொளிக்காக எங்கோ ஒரு நிலம் தோண்டப்பட்டது, ஒரு கப்பல் கடலைக் கடந்தது, யாரோ ஒருவர் உலையின் அருகே இரவெல்லாம் விழித்திருந்தார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவனுக்கு நேர்வதில்லை. திங்கள்தோறும் வரும் கட்டணச் சீட்டு ஒன்றே அவன் அறிந்த விலை. அதைக் கட்டிவிட்டால் அவன் கடன் தீர்ந்துவிடுமா? துய்ப்பவன், தான் துய்க்கும் பொருளின் முழு விலையையும் அறிந்திருத்தல் வேண்டுமா? அறிந்தால் மட்டும் போதுமா? இவை அறத்தைப் பற்றிய வினாக்கள். இவற்றை ஆராய ஓர் எளிய பொறி துணைபுரியும். விறகிலிருந்து எரிவாயு எடுத்து, அதனால் எந்திரத்தை ஓட்டி, மின்சாரம் ஆக்கும் வாயு உலையே அப்பொறி.

இப்பொறியின் தத்துவம் பழையது. மூடிய உருளை ஒன்றில் உலர்ந்த விறகுத் துண்டுகளை நிரப்பி, முழுவதும் எரிவதற்குப் போதாத அளவே காற்றை உள்ளே விடுவர். விறகு முதலில் ஈரம் இழக்கும். பின்னர் வெந்து கரியாகும். அதிலிருந்து எழும் ஆவிகள் கீழே 1,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் எரியும். அவ்வாறு எரிந்த புகை, கனன்று நிற்கும் கரிப் படுகையின் ஊடே இழுக்கப்படும்போது மீண்டும் எரியத்தக்க வாயுவாக மாறும். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதைவிடச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜன். பாதியளவு ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். இதனைக் குளிர்வித்து, சாம்பலும் தாரும் நீங்க வடிகட்டிச் செலுத்தினால் பெட்ரோல் எந்திரம் ஓடும். ஆயினும் அதன் வலிமை வெகுவாகக் குறையும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்ய 2.5 முதல் 3 கிலோ விறகு வேண்டும்.

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பேர் 1920களில் இவ்வுலையைச் செம்மைப்படுத்தினார். இரண்டாம் உலகப் போர் அதனை உலகெங்கும் பரப்பியது. சுவீடன் நாட்டில் 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் ஏறத்தாழ 80,000. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு ஒன்றரை ஆண்டுக்குள் விறகுக்கும் கரிக்கும் மாறியிருந்தன. மலாயாவும் இதற்கு விலக்கன்று. 1942ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முடிவதற்குள் ஜொகூர் முழுவதும் சப்பானியர் கைக்குச் சென்றது. பெட்ரோல் படைக்கே போதாத நிலையில், மக்களின் பேருந்துகளும் லாரிகளும் முதுகில் கரியுலையைச் சுமந்து ஊர்ந்தன. 1945இல் போர் ஓய்ந்து, பெட்ரோல் மலிவாகத் திரும்பியதும் அவ்வுலைகள் அனைத்தும் மூலைக்குப் போயின. வறுமை கற்பித்த சிக்கனம் வளம் வந்த மறுநாளே மறக்கப்பட்டது. கட்டாயத்தால் வந்த ஒழுக்கம் கட்டாயம் நீங்கியதும் நீங்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் கட்டாயம் ஏதுமின்றி, தாமே விரும்பி இவ்வுலையைச் சமைப்போர் இன்றும் உலகில் உளர். 1989இல் அமெரிக்க அரசின் நெருக்கடி மேலாண்மைத் துறை, எண்ணெய் கிடைக்காத காலத்தில் உழவர் தாமே செய்துகொள்ளத்தக்க வாயு உலை பற்றிய கையேட்டை வெளியிட்டது. தகரக் குப்பைத்தொட்டி, இரும்புப் பீப்பாய், எஃகுக் கிண்ணம், தண்ணீர்க் குழாய் ஆகியவையே அதற்குரிய உறுப்புகள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பொருள்களால் ஒருவன் தன் வீட்டு விளக்கைத் தானே ஏற்றிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் கவர்ச்சி மிக்கது. தோட்டத்தில் மின்னாக்கி ஓடும் சில மணி நேரம் மட்டுமே லயங்களில் விளக்கெரிந்த காலத்தை அறிந்த ஜொகூர்த் தமிழருக்கு அக்கவர்ச்சியின் பொருள் எளிதில் விளங்கும். விசை எவன் கையில் உள்ளதோ, இரவும் அவன் கையில் உள்ளது. துரை வீட்டிலும் அலுவலகத்திலும் ஒளி நிற்க, லயம் மட்டும் இருளில் மூழ்கிய இரவுகளை முதியோர் மறந்திலர். ஆதலின் தன் ஒளியைத் தானே ஆக்கிக்கொள்ளும் விருப்பத்தை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அதில் விடுதலை வேட்கையும் கலந்திருக்கின்றது.

இவ்வுலையின் முதன்மையான சிறப்பு, அது விலையைக் கண்முன் நிறுத்துவதாகும். நாளொன்றுக்குப் பத்து யூனிட் மின்சாரம் செலவிடும் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். யூனிட் ஒன்றுக்கு ஏறக்குறைய 1.3 கிலோ விறகு எனக் கொண்டால், நாளொன்றுக்கு 13 கிலோ, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 டன் விறகு வேண்டும். அதை வெட்ட வேண்டும், துண்டாக்க வேண்டும், மழை மிகுந்த ஜொகூரில் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்வரை உலர்த்த வேண்டும். இத்தனையும் செய்தவன் ஆளில்லாத அறையில் விளக்கெரிய விடுவானா? தன் வியர்வையால் அளந்த பொருளை எவனும் வீணாக்குவதில்லை. கட்டணச் சீட்டு கற்பிக்காத பாடத்தைக் கோடரி கற்பிக்கின்றது.

பொது மின்சாரத்திற்கும் இத்தகைய விலை உண்டு. அது கண்ணுக்கு மறைந்து கிடக்கின்றது. ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்தில் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் உள்ளது. முதலில் 2,100 மெகாவாட் திறனுடன் எழுந்த அந்நிலையத்தில், 2016இல் மேலும் 1,000 மெகாவாட் ஆக்கும் பகுதி இயங்கத் தொடங்கியது. அங்கு எரியும் நிலக்கரி கடல் கடந்து வருகின்றது. அந்நிலையத்தை அடுத்துள்ள சுங்கை பூலாய்க் கண்டற்காடு, 2003ஆம் ஆண்டு முதல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலகம் போற்றிக் காக்கத்தக்க ஈரநிலமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அயல்நாட்டுச் சுரங்கத்தின் புழுதியும் உள்நாட்டுக் கழிமுகத்தின் அமைதியும் அவ்வொளியின் விலைக்குள் அடங்கியுள்ளன. விசையைத் தட்டும் விரலுக்கு அவை எட்டுவதில்லை.

இதுகாறும் கூறியவற்றால், தானே ஆக்கிய ஒளியே அறவழிப்பட்ட ஒளி என்று முடிவு கட்டத் தோன்றும். அம்முடிவுக்குச் செல்லுமுன் சில தடைகளைக் கடந்தாக வேண்டும்.

முதலாவது தடை, விறகு சுமப்பவர் யார் என்பது. ஆண்மகன் உலையைச் சமைத்துத் தன்னிறைவு பெற்றேன் எனப் பெருமை கொள்ளலாம். நாள்தோறும் 13 கிலோ விறகை உலர்த்தி அடுக்குபவள் அவன் மனைவியாயின், சாம்பல் அள்ளுபவர் அவன் பிள்ளைகளாயின், அது யாருடைய தன்னிறைவு? வெளிவேலை முடித்துப் பால்மரக் கொம்புகளைக் கட்டித் தலைச்சுமையாகக் கொணர்ந்த தாய்மாரைத் தோட்டப்புறம் நன்கு அறியும். அச்சுமைக்கு எவரும் கூலி கொடுத்ததில்லை, கணக்கும் எழுதியதில்லை. மின்நிலையத்தில் மறைந்திருந்த விலை வீட்டின் கொல்லைப்புறத்திற்கு வந்து மறைந்துகொள்ளுமாயின், அங்கு அறம் வளர்ந்ததாகக் கொள்ள இயலாது.

இரண்டாவது தடை அண்டை வீட்டார். இவ்வுலையின் உயிராகிய கார்பன் மோனாக்சைடு கொடிய நஞ்சு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் சிவப்பணுக்களில் உயிர்வளி பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது பற்றும். போர்க்காலத்துச் சுவீடனில் இவ்வாயுவால் நலிந்தோரும் மாண்டோரும் பலர். இணைப்பொன்று சற்றுத் தளர்ந்தால் போதும்; ஓரடி இடைவெளியில் சுவரொட்டி வாழும் தரை வீடுகளில் அது யார் அறைக்குள் நுழையும் என்று எவரால் கூற முடியும்? தனக்கு வரும் இடரைத் தானே ஏற்பது துணிவு. பிறர்க்கு வரும் இடரை அவரைக் கேளாமலே ஏற்பது துணிவன்று, தீமை. திறந்த வெளியும், கசிவை உணர்த்தும் கருவியும், பழுதறிந்த கையும் இல்லாத இடத்தில் இவ்வுலையை ஏற்றுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது தடை காடு. கழிவு விறகுதானே, யாருக்கு இழப்பு என்று கேட்பர். கழிவு என்பது நிலையான பெயரன்று. பால் வற்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகுக்கன்றி வேறெதற்கும் ஆகாது எனக் கருதப்பட்டது. இன்று ஜொகூரின் மூவாரில் அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் உருப்பெற்றுப் பல நாடுகளுக்குச் செல்கின்றது. தமிழகத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2003ஆம் ஆண்டளவில் குடிநீர் இறைக்க 9 கிலோவாட் வாயு உலையை நிறுவிச் செலவைக் குறைத்தது. அறுவை ஆலைகளின் மரக்கழிவே அதன் உணவு. பின்னர் அம்மரக்கழிவுக்கும் விலை ஏறியது. 2006இல் அவ்வூராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஒருவர் எரித்தபோது கழிவாயிருந்தது, பலர் எரிக்கத் தொடங்கியதும் பண்டமாகிவிடும். பண்டம் தீர்ந்தால் கோடரி காட்டை நோக்கித் திரும்பும். பேராக்கின் மாத்தாங் கண்டற்காடு நூறாண்டுக்கு மேலாகக் கரி தந்தும் அழியாதிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பகுதியை வெட்டினால் முப்பது ஆண்டு கழித்தே மீண்டும் அங்கு வெட்டுவர். அந்த முப்பது ஆண்டுப் பொறுமை இல்லாதவன் கையில் விறகு வாயு உலை காட்டைத் தின்னும் வாயாகும்.

இத்தடைகளைக் கடந்த ஊர் ஒன்றும் உண்டு. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் உள்ள ஹோசஹள்ளி ஒரு காலத்தில் மின்கம்பி எட்டாத சிற்றூராக இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் அங்கு 5 கிலோவாட்டுக்கும் குறைந்த திறனுடைய வாயு உலையை அமைத்தனர். உலைக்கு வேண்டிய விறகுக்கென்றே ஊரார் நிலத்தில் மரத்தோப்பு வளர்க்கப்பட்டது. வீடுகளுக்கு விளக்கு எரிந்தது. பின்னர்க் குடிநீர் ஏறியது. மாவு எந்திரமும் சுழன்றது. உலையை இயக்குவதற்கு ஆள் பயிற்றப்பட்டது. அவ்வுழைப்புக்குக் கூலியும் கணக்கில் ஏறியது. அதில் ஒரு சிறு பங்கு டீசல் கலந்தே எந்திரம் ஓடியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவ்வூரின் ஒளியில் எவருடைய சுமையும் மறைந்திருக்கவில்லை என்பதே கருதத்தக்கது. மரம் நட்டவர், விறகு வெட்டியவர், உலை காத்தவர், ஒளி பெற்றவர் ஆகிய அனைவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்.

இங்கேதான் தன்னிறைவு என்னும் சொல்லின் பொருள் தெளிவு பெறுகின்றது. பிறர் துணை வேண்டாமை தன்னிறைவு என்று கொண்டால் அது தனிமைக்கே வழிகோலும். ஊருக்கெல்லாம் பொதுவான மின்கம்பி ஒரு பெரிய ஒப்புரவு. வலியவன் செலுத்தும் கட்டணம் எளியவன் வீட்டிற்கும் கம்பி செல்லத் துணை நிற்கின்றது. வசதி உள்ளவர் யாவரும் தத்தம் உலையை மூட்டிக்கொண்டு விலகுவாராயின், அக்கம்பியின் சுமை விலக வழியற்ற ஏழைகள்மேல் விழும். ஆதலின் பிறர்மேல் தன் விலையை ஏற்றாமையே உண்மையான தன்னிறைவு. அந்நெறி நிற்பவன் பொது மின்சாரத்தையும் அளவறிந்து துய்ப்பான். தன் உலையையும் பிறர்க்கு ஊறின்றி இயக்குவான். அந்நெறி இல்லாதவன் கையில் இரண்டும் ஒன்றே.

தொடக்கத்து வினாவுக்கு விடை இனி எளிது. துய்ப்பவன் முழு விலையையும் அறிதல் வேண்டும். அறிதல் அறத்தின் வாயில். வாயிலில் நின்றவன் இல்லத்துள் புகுந்தவன் ஆகான். அறிந்த விலையில் தன் பங்கைத் தானே சுமக்கும்போதுதான் அவன் உள்ளே புகுகின்றான். பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர் வாயு உலையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ விறகு என்று மாணவரைக் கணக்கிடச் சொல்லலாம். அதன்பின் தமிழாசிரியர் வகுப்பில் நுழைந்து, அவ்விறகைச் சுமந்தவர் யார் என்று ஒரு வினாவை மட்டும் கேட்டால் போதும். மாணவர் அன்று மாலை வீட்டில் விசையைத் தொடும்போது சற்றே தயங்குவர். அத்தயக்கத்தை விதைப்பது கல்வியின் கடமை.